ஊரே சேர்ந்து பெக்கிற பிள்ளை

ஏத்தா, வா. அந்தத் தூணுல சாஞ்சு கால நீட்டி உக்காரு. வளைகாப்புக்கு வந்தவக கை நிறைய வளவியையும் காது நிறைய புத்திமதியையும் மாட்டிவிட்டுப் போயிருப்பாக. வளவி மாசத்துல உடஞ்சு போகும். புத்திமதி உடையாது. அதனால என் பங்குக்கு ஒண்ணே ஒண்ணு சொல்றேன்: எவ சொல்றதையும் கேக்காத. நான் சொல்றதை மட்டும் கேளு. என்ன சிரிக்கிற? எம்பது வயசு தாண்டுனவளுக்கு இந்தச் சலுகைகூடவா கெடையாது?

பிள்ளை உன் வயித்துலதான் கெடக்கு. ஆனா பெக்கப்போறது நீதான்னு நெனச்சுக்கிட்டு இருக்கியே, அங்கதான் ஏமாந்த. உன் மாமியா பெக்கப் போறா. ஜோசியக்காரன் பெக்கப் போறான். உன் பெரியப்பன் இருக்கானே, பிரசவ வார்டு பக்கம் பீடி குடிக்கக்கூட ஒதுங்காத மனுசன், அவன்தான் நேத்து டீக்கடையில உக்காந்துக்கிட்டு தலைப்பிள்ளை எப்பிடி எறங்கும்னு நாலு பேருக்குப் பாடம் எடுத்தானாம். மாப்ளை போன்ல ஏதோ ஆப்பு வச்சிருக்காகளாமே, இந்த வாரம் பிள்ளை கத்திரிக்கா அளவு, அடுத்த வாரம் பப்பாளி அளவுன்னு காட்டுதாம்ல? பிள்ளைத்தாச்சி பப்பாளி திங்கக் கூடாதுன்னு உன் மாமியா தட்டைப் பிடுங்குறா. பிள்ளையே பப்பாளியா வளருதேன்னு மாப்ளை குதிக்கிறாக. நடுவுல நீ எதைத் திம்ப? நல்லாப் பழுத்த பழத்துல ரெண்டு கீத்து தின்னா ஒண்ணும் ஆகாதுத்தா. காயைத்தான் தொடாத. உன் மாமியா வந்தா நான் சொன்னேன்னு சொல்லிக்கிறாத.

நர்சம்மா அட்டையில ஒரு தேதி எழுதிக் குடுத்துச்சுல்ல, அதை உன் மாமியா காலண்டர்ல செவப்பு மையால வட்டம் போட்டு வச்சிருக்காளாம். கடைசியா வீட்டுக்குத் தூரமான மொத நாள்ல இருந்து ஒம்பது மாசமும் ஏழு நாளும் கூட்டிப் போடுற கணக்கு அது. 280 நாளு, 40 வாரம். சொன்ன தேதியில சொன்னபடி வந்து எறங்குற பிள்ளை நூத்துக்கு நாலஞ்சுதான் இருக்கும். மத்ததெல்லாம் முன்னயோ பின்னயோதான். ஆனா பாரு, அந்தத் தேதிக்குப் பத்து நாளு முன்னால இருந்தே காலங்காத்தால போன் வரும். ‘என்னம்மா, இன்னும் வலி எடுக்கலையா?’ நீ பணிவாச் சொல்லணும்: ‘இல்லத்தை, உங்க மகன் பிள்ளையில்ல, கெளம்ப நேரமாகத்தான் செய்யும்.’ கல்யாணத்தன்னைக்கு முகூர்த்தத்துக்கே அரை மணி பிந்தி வந்த மாப்ளைதான அவுக? அதுக்கப்புறம் அவ போன் பண்ணமாட்டா. தேதி தாண்டி நாளாச்சுன்னா என்ன செய்யிறதுன்னு டாக்டரு பாத்துக்கிடும். நீ பாத்துக்கிட வேண்டியது ஒண்ணுதான். வயித்துக்குள்ள பிள்ளை வழக்கமா ஒதைக்கிற ஒதை கொறைஞ்சிருச்சுன்னா அன்னைக்கே, அந்த நேரமே கெளம்பணும். தலை பிளந்து வலிச்சு, கண்ணு மங்கி, மூஞ்சியும் கையும் வீங்குனாலும் அப்பிடித்தான், ரத்தக்கொதிப்பு அது. அப்ப எங்கிட்ட வந்து சுக்குக் கசாயம் கேட்ட, செருப்பால அடிப்பேன். 108-க்குப் போன் போடு.

குங்குமப்பூ டப்பாவை எங்கத்தா ஒளிச்சு வச்சிருக்க? எனக்குத் தெரியும், உன் நாத்தனா வாங்கியாந்து குடுத்துருக்கா, பிள்ளை செவப்பாப் பொறக்கணும்னு. நானும் உன் தாத்தாவும் நின்னா இருட்டுல பல்லு மட்டுந்தான் தெரியும். மாப்ளை வீட்டுப் பக்கமும் அம்புட்டு லச்சணந்தான். அந்தப் பூ பாவம், எத்தனை தலைமுறைக் கரிய வெளுக்கும்? அதை வாங்குன காசுக்கு ஒரு மாசத்துக்கு முட்டையும் கீரையும் வாங்கிருக்கலாம். இந்தக் கூத்துல இன்னொண்ணு: சுகாதார நிலையத்துல குடுக்குற இரும்புச்சத்து மாத்திரையத் தின்னா பிள்ளை கறுப்பாப் போயிரும்னு நம்ம தெருவுலயே நாலு பேரு அதைக் கோழிக்கூண்டுக்குப் பின்னால வீசிக்கிட்டு இருக்காளுக. மாத்திரை தின்னா கறுக்குறது காலையில கொல்லைக்குப் போறதுதான், பிள்ளை இல்ல. ரத்தம் இல்லாதவளுக்குப் பேறுகாலத்துல ரத்தம் போச்சுன்னா அவ தாங்கமாட்டா. நீ மாத்திரைய முழுங்கு. குங்குமப்பூவை இப்பிடிக் குடு, பாயசத்துக்கு ஆகும்.

இனி பழங்கதைக்காரிக வருவாளுக. ‘நாங்கள்லாம் களை எடுக்கப் போன எடத்துல பெத்து, முந்தியில சுத்தி, மிச்சக் களையையும் எடுத்துட்டு வந்தோம்’பாளுக. எனக்கு அவளுகளையும் தெரியும், அவளுக எடுத்த களையையும் தெரியும். ஒருத்திக்குக் கூட அந்த மிச்சக் களைக்குக் கூலி குடுத்த கணக்கு கெடையாது. பெத்துப் பொழைச்சவதான் வந்து கதை சொல்லுவா. பொழைக்காதவ கதைய யாரு சொல்றது?

உங்கப்பன் பொறந்தது 1964 மார்கழி, தனுஷ்கோடியக் கடல் கொண்டுபோன வருசம். ஊருல மழைன்னா அப்பிடி ஒரு மழை. எங்க வீட்டு உள்ளறையில உத்தரத்துல இருந்து ஒரு வடக்கயித்தத் தொங்க விட்டாக, வலி வரும்போது அதைப் பிடிச்சுத் தொங்கணும். கையில தோலு உரிஞ்சு போச்சு. மருத்துவச்சிக் கெழவி எங்காலுக்கு எதுக்க உக்காந்துக்கிட்டு வெத்தலை மென்னுக்கிட்டே வெளக்கெண்ணெயத் தடவுறா, நடுநடுவுல அவ மருமக மேல எங்கிட்டக் கொறை சொல்றா. எனக்கு உசுரு போகுது, அவளுக்கு மருமக பருப்புல உப்புப் போடாதது பெருசாப் படுது. உன் தாத்தா எங்கன்னு கேளு. மழையில மாடு அவுத்துக்கிட்டுப் போயிருச்சாம், தேடப் போயிட்டாரு. மாடு கட்டுத்தறியிலதான் நின்னுச்சுன்னு மறுநாள்தான் எனக்குத் தெரியும். பிள்ளை விழுந்த சத்தம் கேட்டதும் என் மாமியா கதவுக்கு அங்கிட்டு நின்னு கேட்ட மொத வார்த்தை, ‘என்ன பிள்ளை?’ ஆம்பளைப் பிள்ளைன்னு சொன்ன பெறகு ரெண்டாவதாக் கேட்டா, ‘வெளக்கெண்ணெய் மிச்சம் இருக்கா?’ நான் இருக்கேனான்னு மூணாவதாவது கேப்பான்னு பாத்தேன்.

கயித்தையும் கெழவியையும் நெனச்சு ஏங்கிராத. தொப்புள்கொடிய அறுக்க வீட்டு அருவாமனை, அறுத்த எடத்துல சாணிச் சாம்பல். என் ரெண்டாவது பிள்ளை ஏழாம் நாளு வெறைச்சுப் போச்சு. ரணஜன்னின்னு இப்பச் சொல்றாக, அப்பச் செய்வினைன்னு சொன்னாக. பெத்தது ஏழு, தக்குனது நாலு. நம்ம நர்சம்மா ஒரு கணக்குச் சொல்லுது: தமிழ்நாட்டுல 2001-03 வாக்குலகூட லட்சம் பிள்ளை உசுரோட பொறந்தா 134 ஆத்தாமாரு பேறுகாலத்துல செத்தாகளாம். 2018-20 கணக்குல அது 54 ஆயிருச்சாம். அதுவும் கூடத்தான். ஆனா ஊருக்கு ஊரு சுகாதார நிலையமும், ராத்திரியில நர்சும், வாசல் வரைக்கும் வர்ற வண்டியும் இல்லாம அந்த எண்ணு எறங்குமா? இனிமே எவளாவது வீட்டுலயே பெத்துக்க, யூடியூப்புல பாத்துப் பெத்துக்கன்னு சொன்னா, என் வயித்துப் பிள்ளைக எங்க பொதைச்சிருக்குன்னு நான் அவளைக் கூட்டிட்டுப் போய்க் காட்டுறேன்.

சரி, மூஞ்சியத் தூக்கு. வலியப் பத்திச் சொல்றேன்.

மொதல்ல பொய் வலி வரும். சூட்டு வலிம்போம். உங்கம்மா சீரகத்தண்ணி வச்சுக் குடுப்பா. குடிச்சிட்டு நாலு நடை நடந்தா அடங்கிப் போகும். அடங்காம, குறுக்குல பிடிச்சு முன்வயித்துக்கு வந்து, கடிகாரம் பாத்து வர ஆரம்பிச்சு, வரவர நெருக்கிப் பிடிச்சா அது மெய் வலி. குடம் உடஞ்சிருச்சுன்னா வலி இருந்தாலும் இல்லாட்டியும் ஆஸ்பத்திரிதான். தண்ணி பச்சையா வந்தா ஓடணும். இதையெல்லாம் உனக்கு முன்னாலயே மாப்ளைக்குச் சொல்லிட்டேன். அவுக நோட்டுல எழுதிக்கிட்டாக. எழுதுன நோட்டை எங்க வச்சாகன்னு இப்பத் தேடிக்கிட்டு இருக்காக.

நெச வலி எப்பிடி இருக்கும்னு கேக்குற. நீ கமலை எறைச்சுப் பாத்ததில்ல, மோட்டாரு காலத்துக்காரி. மாடு சரிவுல எறங்கையில வடம் விறைச்சு, சால் நெறஞ்சு மேல ஏறும். கொட்டி முடிச்சதும் மாடு பைய பின்னால நடந்து வரும், வடம் தளரும். அந்த நேரம் கமலைக்காரன் பாட்டுக் கட்டுவான், வெத்தலை போட்டுக்கிடுவான். பேறுகால வலியும் அப்பிடித்தான் வரும். ஏறும், நிக்கும், எறங்கும். நடுவுல மாடு திரும்பி வர்ற நேரம் ஒண்ணு இருக்கு, அது உன்னோடது. தலைப்பிள்ளைக்காரிக பூராவும் பண்ற தப்பு, அந்த நேரத்துலயும் அடுத்த வலிய நெனச்சு ஒடம்பை விறைச்சுக்கிட்டுக் கெடக்குறதுதான். அப்ப மூச்சை விடு, ஒரு வாய் தண்ணி குடி, கண்ண மூடு. நாலு நிமிசத் தூக்கம்கூட வரும், வந்தா விடாத.

உள்ள போனா விரலை விட்டுப் பாப்பாக. ‘ரெண்டு விரல் தெறந்திருக்கு’ம்பாக. நீ பெரிய பரீட்சை பாஸான சந்தோசத்துல மாப்ளைக்குச் சொல்லி, அவுக ஊருக்கே சொல்லி, உன் மாமியா ஆட்டோ பிடிச்சு வந்து சேந்துருவா. ரெண்டு விரல்ங்கிறது பாதி தூரம்கூட இல்லத்தா. பத்து சென்டிமீட்டர் தெறக்கணும். தலைப்பிள்ளைக்கு அது அம்புட்டு லேசுல தெறக்காது. ஒரு பகல் போகும், சிலபேருக்கு ராத்திரியும் சேந்து போகும். அடுத்த கட்டில்காரி, அது மூணாவது பிள்ளையா இருக்கும், வந்த அரை மணியில பெத்து முடிச்சு டீ குடிச்சுக்கிட்டு இருப்பா. அவளைப் பாத்து உனக்கு ஏதோ கொறைன்னு நெனச்சுக்கிறாத. அவளுக்குப் பாதை போட்டாச்சு, நீ இப்பத்தான் வெட்டுற. நடக்க விட்டா நட. படுத்தா எடப்பக்கம் ஒருக்களிச்சுப் படு. முழுசாத் தெறக்குறதுக்கு முன்னாலயே ‘முக்கு, முக்கு’ன்னு சுத்தி நிக்கிறவக கத்துவாக, அவசரப்பட்டு முக்காத. தெம்பெல்லாம் அங்கயே போயிருச்சுன்னா கடைசியில எதை வச்சு முக்குவ? நர்சு சொல்லும்போது முக்கு. அப்ப முக்கணும்னு உனக்கே தோணும், யாரும் சொல்லித்தர வேண்டியதில்ல.

கத்தணும்னு தோணுனா கத்து. ‘பொம்பளை சத்தம் தெருவுக்குக் கேக்கக் கூடாது’ன்னு சொல்லி வளத்த கூட்டம் இது. என் மாமியா என் வாயில துணிய வச்சு அமுக்குனா. உனக்கு அந்தத் தொல்லை இல்ல. வாழ்க்கையிலயே யாரைத் திட்டுனாலும் ஒருத்தரும் மனசுல வச்சுக்காத நேரம் அது ஒண்ணுதான், வீணாக்கிராத. மாப்ளையைத் திட்டலாம், மாமியாளைத் திட்டலாம், நகைக்குப் பேரம் பேசுன பெரிய மாமனாரைக்கூட இழுக்கலாம். பின்னால கேட்டா ‘வலியில என்ன பேசுனேன்னே தெரியலத்தை’ன்னு தலையக் குனிஞ்சுக்க. நான் அஞ்சாவது பிள்ளைக்குத்தான் இதைக் கண்டுபிடிச்சேன். அன்னைக்கு நான் பேசுன பேச்சுல உன் தாத்தா சீட்டாட்டத்தை விட்டாரு.

வார்டுல ஒரு வாய் இருக்கும், ‘அன்னைக்கு இனிச்சுச்சுல்ல, இன்னைக்கு எதுக்குக் கத்துற’ன்னு கேக்கும். எல்லா எடத்துலயும் இருக்காது. நல்ல பிள்ளைக, தலையத் தடவிக் குடுக்குற நர்சுக நெறையா இருக்காக. ஆனா அந்த வாய் இருந்துச்சுன்னா அழுகாத. ‘ஆமாக்கா, இனிச்சுச்சு. உங்களுக்குக் கசந்துச்சா?’ன்னு கேளு. பதில் வராது.

துணைக்கு யாரை உள்ள கூட்டிட்டுப் போறதுன்னு வீட்டுக்குள்ள ஒரு பஞ்சாயத்து நடக்குதுல்ல? கவர்மெண்டு ஆஸ்பத்திரியில துணைக்கு ஒரு பொம்பளைய விடுவாக. உன் மாமியா ‘நான்தான் நிப்பேன்’கிறா. திருச்சி மலைக்கோட்டைக்குப் போயிருக்கியே, அங்க சாமிக்குப் பேரு தாயுமானவர். ரத்னாவதின்னு ஒரு செட்டி வீட்டுப் பொண்ணுக்குப் பேறுகாலம். பெத்தவ வர்ற வழியில காவிரியில வெள்ளம், அக்கரையில நின்னு தவிக்கிறா. சிவபெருமான் என்ன செஞ்சாரு? ஆத்தா வேசத்துல வந்து பேறுகாலம் பாத்தாரு. வெள்ளம் வடிஞ்சு நெச ஆத்தா வந்து நின்னதும் மறைஞ்சு போனாரு. சுகப்பிரசவம் ஆகணும்னு இன்னைக்கும் அங்க வாழைத்தாரு கட்டுறாக. எனக்கு அந்தக் கதையில பிடிச்சது என்னன்னா, எந்த வேசத்துலயும் வரக்கூடிய சாமி, மாமியா வேசத்துல வரல. இதை உன் மாமியாகிட்ட நானே சொல்லி, உங்கம்மா பேரை எழுத வச்சிட்டேன். ஒரு வாழைத்தாரு நேந்துக்கிட்டாப் போதும்னு அவளும் ஒத்துக்கிட்டா.

கத்தி வச்சு எடுத்தா அது பெத்ததுல சேராதுன்னு ஒரு பேச்சு இருக்கு. எந்த எழுத்துல சட்டம் போட்டாகன்னு தெரியல. 2019-21-ல எடுத்த தேசிய குடும்ப நலக் கணக்குல தமிழ்நாட்டுல நூத்துக்கு 45 பிள்ளைய அப்பிடித்தான் எடுத்திருக்காக. கவர்மெண்டுல 36, தனியார்ல 64. பிள்ளை குறுக்க கெடந்தாலோ, நஞ்சு வாசலை அடைச்சுக் கெடந்தாலோ, பிள்ளைக்கு நெஞ்சுத்துடிப்பு எறங்குனாலோ கத்திதான் கடவுள். அன்னைக்கு அது இருந்திருந்தா நம்ம கெழக்குத் தெருக்காரி செத்திருக்கமாட்டா. ஆனா அந்த 64-ல பஞ்சாங்கத்துக்கு எத்தனை பங்குன்னு நான் யோசிக்கிறது உண்டு. ரோகிணியில பொறந்தா மாமனுக்கு ஆகாதாம், காலையில ஒம்பதரைக்கு மேல நல்ல நேரமாம், அதுக்குள்ள எடுத்துக் குடுங்கன்னு டாக்டர்கிட்டச் சீட்டுக் குடுக்குறாக. சாதகத்தைத் திருத்துறதுக்கு வயித்தைக் கிழிக்கிற காலம். உன் மாமா ஜோசியரைப் பாக்கப் போறேன்னு கெளம்புனான், நான் அவன் செருப்பை ஒளிச்சு வச்சேன். ஆபரேசன்னு டாக்டரு சொன்னா ‘ஏன்’னு ஒரு வார்த்தை கேளு. காரணம் இருக்குற டாக்டரு கோவிச்சுக்கிடாம சொல்லும். சரின்னு பட்டாப் படுத்துக்க. படுத்து எந்திரிச்ச பெறகு ‘சுகப்பிரசவம் ஆகலையே’ன்னு எவளாவது உச்சுக் கொட்டுனா, அவளுக்குப் பிள்ளையக் காட்டாத.

இப்பச் சொல்றதைப் பைய கேளு, இதை எவளும் சொல்லமாட்டா. பிள்ளைய எடுத்துக் கையில குடுத்ததும் ஆனந்தக் கண்ணீரு பொங்கும், நெஞ்சுல பாலு சுரக்கும், வானத்துல இருந்து பூ விழும்னு சினிமாவுல காட்டுவான். எனக்கு வந்தது பசி. அப்புறம் தூக்கம். உங்கப்பனைக் கொண்டாந்து காட்டுனாக. மண்டை நீண்டு, மூஞ்சி வீங்கி, மேலெல்லாம் வெள்ளை மெழுகு அப்பி, ஒரு கண்ணைத் தொறந்து என்னைப் பாத்தான். நானும் பாத்தேன். ‘இவ்வளவு பாடும் இந்த மூஞ்சிக்கா’ன்னுதான் தோணுச்சு. தோணுனதைச் சொல்லல, சொன்னா ஆத்தான்னு ஒத்துக்கமாட்டாக. பாசம் பின்னாலதான் வந்துச்சு. எந்த நாளு வந்துச்சுன்னு எனக்கே தெரியாது. ஒரு நாளு அவன் தும்முனான், நான் பதறிப்போனேன். அப்பத்தான் தெரிஞ்சுது, இவன் நம்மளைப் பிடிச்சிட்டான்னு. அதனால அந்த நேரத்துல ஒண்ணும் பொங்கலைன்னா பயந்துறாத. பொங்குன கணக்குல செத்த நேரம் மூஞ்சிய வச்சுக்க, போட்டோ எடுப்பாக.

பிள்ளையத் தொடச்சு உன் நெஞ்சுல போட்டதும், ஒரு மணி நேரத்துக்குள்ள பாலுக்கு விடு. மஞ்சளா, கெட்டியா, துளித்துளியா வரும். அதைக் கெட்ட பாலுன்னு நாங்க பீச்சிச் சுவத்துல அடிச்சோம். சீம்பாலு அது. பசுமாடு கண்ணு போட்டா தெருவெல்லாம் சண்டை போட்டு வாங்கித் திங்கிற கூட்டம், பெத்த பிள்ளைக்கு அதைக் குடுக்கல பாத்தியா? துளியாத்தான் வருதுன்னு கவலைப்படாத. மொத நாளு அது வயிறு அவ்வளவுதான் பிடிக்கும். ரெண்டு மூணு நாள்ல நெஞ்சு கல்லாக் கட்டிப் பாலு எறங்கும். அதுக்குள்ள ‘பாலு பத்தல, டப்பாப் பாலு வாங்கியாங்க’ன்னு ஒரு குரல் வரும். குரல் குடுத்தவகிட்ட டப்பா வெலையக் கேளு. எடை செத்தக் கொறையும், அது வழக்கந்தான். பாலு எறங்குன பெறகு ஒரு நாளைக்கு ஆறு தரமாவது ஒண்ணுக்குப் போயிருச்சுன்னா பிள்ளை குடிக்குதுன்னு அர்த்தம். மொத ரெண்டு நாளு கன்னங்கரேல்னு பிசுபிசுன்னு ஆய் போகும். மாப்ளை பயந்து போயி டாக்டரைக் கூப்புடுவாக, கூப்புடட்டும், அவுகளும் ஏதாவது செய்யணும்ல.

சேனை தொடுறதுக்கு வாசல்ல வரிசை நிக்கும். சீனித்தண்ணியோ தேனோ தொட்டு வச்சவக குணம் பிள்ளைக்கு வருமாம். உன் பெரியப்பன் நாந்தான் தொடுவேன்கிறான், அவன் குணம் ஒண்ணு இந்த ஊருக்குப் போதாதா? தேனும் வேணாம், தண்ணியும் வேணாம், ஆறு மாசத்துக்குத் தாய்ப்பாலு மட்டுந்தான்னு நர்சம்மா கண்டிசனாச் சொல்லிருச்சு. வர்றவக மனசு நோகக் கூடாதுல்ல. நான் ஒரு கிண்ணத்துல சீனித்தண்ணி கரைச்சு வச்சிருக்கேன். எல்லாரும் தொட்டு அவுகவுக நாக்குலயே வச்சுக்கிட்டும். குணம் திருந்துனாலும் திருந்தும்.

வீட்டுக்கு வந்த பெறகு நீ பச்ச ஒடம்புக்காரி. உங்கம்மா பூண்டை உரிச்சே வெரல் தேஞ்சு போவா. பால்சுறாப் புட்டு, கருவாட்டுக் கொழம்பு, முருங்கைக்கீரை, மருந்துச் செலவு அரைச்சுக் கருப்பட்டி போட்ட லேகியம், எல்லாம் வரும். தின்னு. நல்லாத்தான் இருக்கும், பெக்காத நானே பங்கு கேப்பேன். ஆனா தண்ணி குடுக்கமாட்டாக. வயிறு தொப்பையாயிரும்பாக. பாலு குடுக்குறவளுக்குத் தாகம் தொண்டையப் பிடுங்கும். என்னை அப்பிடித்தான் நாவறளப் போட்டாக, ராத்திரி எந்திரிச்சு மாட்டுத் தொட்டியில குடிச்சேன். உனக்குக் கட்டிலுக்கு அடியில செம்பு நெறையத் தண்ணி வச்சு மூடியிருப்பேன், உங்கம்மாவுக்குத் தெரியாது. தெரிஞ்சா நான் வைக்கல.

மூணாம் நாளு நாலாம் நாளு காரணமே இல்லாம அழுகை வரும். சோத்தைப் பாத்தா அழுகை, சுவத்தைப் பாத்தா அழுகை. ஒரு வாரம் பத்து நாள்ல தெளியும். அப்பிடித் தெளியாம, பிள்ளையத் தொடப் பிடிக்கல, தூக்கம் வரல, செத்துப்போகணும்னு தோணுதுன்னா எங்கிட்டச் சொல்லு, நான் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போறேன். என் தங்கச்சிக்கு அப்பிடி வந்துச்சு. பேயின்னு வேப்பிலை அடிச்சாக. அடிச்சவக கை வலிச்சதுதான் மிச்சம், அவ கெணத்துல கெடந்தா. இதுல வெளையாட்டு கெடையாது.

முத்துலட்சுமி ரெட்டி அம்மா பேருல கவர்மெண்டு 18,000 குடுக்குது, கொஞ்சம் பணமாவும், கொஞ்சம் ஊட்டச்சத்துப் பெட்டியாவும். அந்தம்மா நம்ம பக்கத்துப் புதுக்கோட்டைக்காரி, 1912-லயே டாக்டருக்குப் படிச்சு முடிச்சவக. பணம் உன் பேருல உள்ள கணக்குல விழும். விழுந்த அன்னைக்கு ‘பிள்ளைக்குத்தான’ன்னு சொல்லிக்கிட்டு மாப்ளை பைக்குக்கு டயரு மாத்தப் பாப்பாக. பாஸ்புக்க எங்கிட்டக் குடுத்து வையி. அரிசிப் பானைக்குள்ள போட்டா எந்த ஆம்பளையும் கண்டுபிடிக்கமாட்டான்.

கடைசியா ஒண்ணு. பிள்ளைக்கு அரைஞாண் கட்டுற அன்னைக்கே ஆரம்பிப்பாக, ‘அடுத்தது எப்ப?’ன்னு. ரெண்டுக்கும் நடுவுல மூணு வருசமாவது விடணும்னு நர்சம்மா சொல்லும். பெத்ததும் ஆஸ்பத்திரியிலயே காப்பர் டி போட்டுவிடுவாக. நல்லதுதான், ஆனா போடுறதுக்கு முன்னால உன்னைக் கேக்கணும், நீ வாயத் தொறந்து சரின்னு சொல்லணும். பின்னால உன் மாமியா கேட்டா, ‘உங்க மகன் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சுத் துணி மாத்துற அன்னைக்கு யோசிக்கலாம்த்தை’ன்னு சொல்லு. இந்த சென்மத்துல அவ திருப்பிக் கேக்கமாட்டா.

என்னமோ, இது பேரனா இருந்தா அடுத்தது ஒரு பேத்தி இருந்தா வீடு நெறைஞ்சு இருக்கும். என்ன மொறைக்கிற? நான் எங்க கேட்டேன்? மொதல்ல ஒண்ணைப் பெத்துக்கிட்டு வா, அப்புறமாக் கேட்டுக்கிறேன்.